பேரனின் சொல்

மகன் வஃபாத்தாகி ஓராண்டு நிறையுமுன், ஒன்பது வயதுப் பேரனின் காப்பாளர் உரிமை வேண்டி, குளச்சலிலிருந்து நாகர்கோவில் நீதிமன்றம் செல்ல ஆயத்தமானோம். மருமகளோ தேங்காய்ப்பட்டணத்துத் தாய்வீட்டில் இருந்தார். சான்றிதழ்களை அடுக்கினோம். தந்தைக்குப் பின் பாட்டனாரே வலீ என்னும் ஷாஃபிஈ சட்டமும் கைவசம் இருந்தது.

விசாரணைக்கு முந்திய இரவு கிதாபைப் புரட்டுகையில், நாம் பல்லாண்டு போதித்த பாடமே நம்மை மறித்தது. சொத்தைப் பேணுவது விலாயத். பிள்ளையை வளர்ப்பது ஹளானத். பின்னதில் முதலுரிமை தாய்க்கே. விவரமறிந்த பிள்ளையாயின் அதனிடமே கேட்டல் வேண்டும். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவும் பிள்ளையின் நலனை முன்வைத்து, அறியும் பருவத்தினரின் விருப்பத்தையும் கருதச் சொல்கிறது.

அருகில் படுத்திருந்தவனிடம் கேட்டோம்.

“உம்மாக்க கூட இருக்கேன், வெள்ளிக்கிழமை உப்பாகிட்ட வருவேன்” என்றான்.

விடிந்ததும் மனுவைத் திருத்துமாறு வக்கீலிடம் சொன்னோம்: சொத்துக்கு மட்டுமே நாம் காப்பாளர். அமானிதம் உரியவரிடமே சேரட்டும்.