முள்ளிக்குளத்து மணலும் மக்கத்து மலையும்



மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து தெற்கே திரும்புங்கள். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று கடலோரமாகவே வந்தால் மரிச்சுக்கட்டி வரும். அதற்கும் அப்பால் இருப்பது முள்ளிக்குளம். கத்தோலிக்க மக்களின் பழைய ஊர். அக்கம்பக்கத்தில் மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி என்று நம்மவர்களின் ஊர்கள்.

முள்ளிக்குளத்தில் நின்று நாலாபுறமும் பாருங்கள். மேற்கே கடல். தெற்கே மோதரகம் ஆறு, அதற்கு அப்பால் வில்பத்துக் காடு. மானும் மரையும் கரடியும் சிறுத்தையும் யானையும் உலவும் அந்தக் காடு 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. அங்கே ஒரு முயலைப் பிடிக்கவும் சட்டம் இடம் தராது. ஆனால் மேற்கே திரும்பினால் வலை வீசும் கடல் விரிந்து கிடக்கிறது.

இஹ்ராம் கட்டியவரின் நிலையும் இதுவே அல்லவா? கடல் வேட்டை அவருக்கு ஆகுமானது, தரை வேட்டை விலக்கப்பட்டது. அல்மாயிதா அத்தியாயத்தின் 95, 96ஆம் வசனங்கள் இந்தச் சட்டத்தைக் கூறுகின்றன. இஹ்ராமுடன் ஒரு மானைக் கொன்றுவிட்டால் அதற்கு ஈடாக ஓர் ஆட்டை அறுத்து ஹரத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நமது இமாம்கள் விளக்கியுள்ளார்கள். ஒரு பக்கம் தடுக்கப்பட்ட காடும் மறுபக்கம் அனுமதிக்கப்பட்ட கடலுமாக இருக்கும் இந்தக் கரையில் நின்றால் ஹஜ்ஜின் நினைவு வராமல் இருக்காது.

உடலைப் பழக்கியவர்கள்

இந்தக் கடல் ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போனது. 1905இல் மரிச்சுக்கட்டியில் பெரிய முத்துக்குளிப்பு முகாம் நடந்தது. கீழக்கரையிலிருந்து நம்மவர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்து குளித்தார்கள். இடுப்பில் கயிறு, காலில் கல். ஒரே மூச்சில் அடியில் இறங்கிச் சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். கயிறு பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குளிப்பவருக்காக அவர் மூச்சை அடக்க முடியாது. அந்த மூச்சைச் சிறு வயதிலிருந்தே பழக்கித்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்த முத்துக்குளிப்பைப் பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ. அதே நூலில் அவர் வேறொன்றையும் சொல்கிறார். நடு ஆசியாவின் பாமிர் மலைகளில் மிக நீண்ட கொம்புடைய காட்டுச் செம்மறிகள் இருப்பதாகவும், அந்தக் கொம்புகளில் இடையர்கள் உணவுக் கிண்ணம் செய்வதாகவும் எழுதியிருக்கிறார். அந்த ஆட்டை இன்று உலகம் அவர் பெயராலேயே அழைக்கிறது.

அந்த ஆட்டை வேட்டையாட இன்றும் ஆட்கள் போகிறார்கள். தஜிகிஸ்தானில் அரசாங்கம் உரிமம் கொடுக்கிறது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளிலும் காட்டு ஆடுகளுக்கு இவ்வாறு உரிமம் உண்டு. அங்கே கிடைக்கும் பணத்தில் நூற்றுக்கு 80 பங்கு அந்த மலைக் கிராமத்து மக்களுக்கே போகிறது. கொம்புக்காகவும் பெருமைக்காகவும் மட்டும் உயிரைக் கொல்வதை நமது மார்க்கம் விரும்பவில்லை. அது தனி விஷயம். அந்த வேட்டைக்காரர் எப்படித் தயாராகிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

பாமிரில் அந்த ஆடுகள் 4,000 மீட்டருக்கும் மேலே மேய்கின்றன. அங்கே காற்று மெலிந்திருக்கும், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். வழிகாட்டி முன்னே போவார், ஆட்டையும் காட்டுவார். ஆனால் வந்தவரைத் தூக்கிக்கொண்டு ஏற மாட்டார். அதனால் விவரம் தெரிந்தவர் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறார். வைத்தியரிடம் காட்டுகிறார். முதுகில் சுமையுடன் மேடு ஏறிப் பழகுகிறார். மலையில் போடப் போகும் சப்பாத்தை ஊரிலேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்குகிறார்.

ஓர் ஆட்டின் கொம்புக்கு இவ்வளவு தயாரிப்பு! அல்லாஹ்வின் இல்லத்துக்குப் போகிற நாம் என்ன தயாரிப்புச் செய்கிறோம்? பணம் சேர்க்கிறோம். துஆக்களை மனனம் செய்கிறோம். பெட்டி வாங்குகிறோம். விருந்து கொடுத்துப் பயணம் சொல்கிறோம். உடலை மட்டும் மறந்துவிடுகிறோம்.

நடையும் ஒரு சித்தப்படுத்தல்

ஹஜ் என்பது நடை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். தவாபைக் கூட்டத்தின் காரணமாக மேல் மாடியில் செய்ய நேர்ந்தால் இன்னும் தூரம். மினா, அரஃபா, முஸ்தலிஃபா, ஜம்ரா என்று அந்த நாட்களில் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டி வரலாம். வெயிலோ கடுமை. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதி பெறாமல் வந்து, தங்குமிடமும் வாகனமும் இன்றி வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக!

மரிச்சுக்கட்டிப் பக்கம் ஒரு தாயாரைக் கண்டேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சீனி வருத்தமும் உண்டு. சுப்ஹு தொழுதுவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தார். ஹஜ்ஜுக்குப் பதிந்திருப்பதாகச் சொன்னார்.

"மணலில் கால் புதையுமே உம்மா, ரோட்டில் நடக்கலாமே?" என்று கேட்டேன்.

"மௌலவி, தொண்ணூறாம் ஆண்டு எங்கள வெளியே போகச் சொன்னாங்க. இடுப்புல ஒரு புள்ள, கையில ஒரு புள்ளையோட நடந்தன். அப்ப தயாராக ஆருக்கும் நேரம் கிடைக்கல்ல. இப்ப அல்லாஹ் கூப்பிடுறான். நேரமும் தந்திருக்கான். மணல்ல நடந்து பழகினா அங்க கல்லுத் தரையில லேசா இருக்கும். பழகாமப் போய் விழுந்தா அது ஆருட குத்தம்?" என்றார்.

சகோதரிகளே, அந்தக் கேள்வியின் கனத்தை நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் பலர் திரும்பினார்கள். முள்ளிக்குளத்து மக்களுக்கும் 2007 செப்டம்பரில் அதே கதி நேர்ந்தது. ஊர் கடற்படையின் கைக்குப் போனது. அந்த மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, வீதியோரத்தில் நாள்கணக்காக அமர்ந்து போராடிய பிறகு, 2017 ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. திடீரென்று நடக்க வைக்கப்படுவது என்ன என்பது இந்தக் கரைக்குத் தெரியும். முன்கூட்டியே அறிவித்து அழைக்கப்படும் ஒரு பயணம் எவ்வளவு பெரிய நிஃமத் என்பதும் அதனாலேயே தெரியும்.

நமது அன்னையர்

"நடையும் மலையும் ஆண்களுக்கு உரியவை" என்று சிலர் நினைக்கிறார்கள். ஸஃபா மர்வாத் தொங்கோட்டமே ஒரு தாயின் ஓட்டம். அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் பிள்ளையின் தாகத்துக்காக ஓடியதைத்தான் உலகம் இன்றுவரை தொடர்கிறது. ஹிரா குகையில் தங்கிய நாட்களில் நபி (ஸல்) அவர்களுக்கு உணவு ஆயத்தம் செய்து கொடுத்தவர் அன்னை கதீஜா (ரலி). அந்த ஜபலுன் நூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர் உயரம். அதில் ஏறுவது ஹஜ்ஜின் கடமையும் அல்ல, சுன்னத்தும் அல்ல. ஆனாலும் அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தின் உழைப்பு புரியும். ஹிஜ்ரத்தின்போது தமது இடுப்புத் துணியைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக் கொடுத்த அஸ்மா (ரலி) அவர்கள் அந்த நாட்களில் கர்ப்பிணி. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி நடத்தியதும் ஹதீஸில் உள்ளது.

பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர், இருவரிடமும் நன்மை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. இரண்டாம் பகுதியையும் மறக்கக் கூடாது. உடல் கனத்து மெதுவாக நடக்கும் அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு, கூட்டம் வருமுன் முஸ்தலிஃபாவிலிருந்து புறப்பட நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். வாகனத்தில் உட்காரவும் இயலாத தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்டவர் ஒரு பெண்மணி. செய்யலாம் என்று பதில் கிடைத்தது. ஆகவே இயலாதவர் மனம் உடைய வேண்டாம், அவருக்கு மார்க்கத்தில் வழி உண்டு. இயலக்கூடியவர் இயலாதவராக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நமது பொறுப்பு.

இன்றே தொடங்குங்கள்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத் வைத்தவர்கள் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் காட்டுங்கள். இருதயம், பிரஷர், சீனி மூன்றையும் பரிசோதியுங்கள். மூளைக் காய்ச்சலுக்கான கட்டாயத் தடுப்பூசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கிழமை சுப்ஹுக்குப் பின் 15 நிமிட நடை போதும். கிழமைக்குக் கிழமை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். ஒரு மணித்தியாலம் இளைக்காமல் நடக்க முடிந்தால் நீங்கள் தயார். வீட்டில் படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கணவரையோ மகளையோ கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகத் தொடங்கும் நடை சீக்கிரம் நின்றுவிடும்.

புதுச் செருப்புடன் மக்காவுக்குப் போகாதீர்கள். ஊரிலேயே போட்டுத் தேய்த்த செருப்புத்தான் புண்ணாக்காது. பெண்கள் இஹ்ராமில் காலுறையும் சப்பாத்தும் அணியலாம். முகத்திரையும் கையுறையுமே கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள், சட்டைப் பையில் இனிப்பு வைத்திருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியோ தாயோ காலையில் அரை மணி நேரம் நடக்கட்டும். அந்த நேரம் தேநீரை நீங்கள் ஊற்றிக்கொண்டால் அதிலும் நன்மை உண்டு.

ஹஜ்ஜுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று இளம் சகோதரிகள் நினைக்கலாம். பணம் கைக்கு வரும் வயதில் முழங்கால் விட்டுப் போய்விடுகிறது என்பதைத்தான் வீட்டுக்கு வீடு காண்கிறோம். கால்கள் அல்லாஹ் தந்த அமானத். அவன் இல்லத்தைச் சுற்றும் நாள்வரை அவற்றைக் காப்பது நம் கடமை.

யா அல்லாஹ்! உன் இல்லத்தை நாடும் எங்கள் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஆரோக்கியத்தையும் வழிச் செலவையும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜையும் தந்தருள்வாயாக! ஊர் இழந்தவர்களை அவரவர் ஊரில் நிம்மதியாக வாழ வைப்பாயாக! ஆமீன்.