பிடி

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களை நம்மில் பலர் நாள்தோறும் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கிறோம். சென்னைத் துறைமுகம் எழுந்தபின், வடக்கு நோக்கி ஓடும் கடல்மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. நம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. அதைத் தடுக்கப் போட்ட கற்களில் இன்று பச்சைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாய்ப் பிடித்திருக்கின்றன. பசை போட்டு ஒட்டிய சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. உப்புநீரில், அலையடியில், இவை ஒட்டுவது எப்படி?

சிப்பி நாக்குப் போன்ற தன் பாதத்தை நீட்டிக் கல்லைத் தொட்டுப் பார்க்கிறது. பாதத்தின் பள்ளத்தில் புரதம் நீராய்ச் சுரந்து, சில நிமிடங்களில் இறுகி நூலாகிறது. நுனியில் ஒரு சிறு தட்டு. இதன் உறவினமான நீலச் சிப்பியின் பசையில் டோப்பா இருப்பதை 1981-இல் வெயிட், டான்சர் என்னும் அறிஞர்கள் வெளியிட்டனர். நடுக்குவாதத்துக்கு மருந்தாகத் தருவதும் இதே டோப்பாதான்! நூலின் உள்ளே இருப்பதோ கொல்லாஜன்; நம் தோலிலும் எலும்பிலும் உள்ள புரத இனம்.

நம் உயிரணுக்கள் பலவும் இந்தக் கொல்லாஜனைப் பற்றித்தான் நிற்கின்றன. பற்றும் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். பக்கத்து அணுவைப் பிடிக்கும் கை கேடெரின். அதற்குக் கால்சியம் வேண்டும். இன்டெக்ரின் வெறும் ஆணி அன்று. பிடி இருக்கிறது என்ற செய்தியை அது ஓயாமல் உள்ளே அனுப்புகிறது. செய்தி நின்றால், உணவு இருந்தும் உயிரணு தன்னை மாய்த்துக்கொள்ளும். 1994-இல் இச்சாவுக்கு ‘அனோய்கிஸ்’ என்று பெயர் சூட்டினர். கிரேக்கத்தில் அதற்கு வீடின்மை என்று பொருள். புற்றணுக்கள் இதற்குத் தப்புவதால்தான் இரத்தத்தில் மிதந்துபோய் வேறிடத்தில் குடியேறுகின்றன.

அச்சொல்லைப் படித்த அன்று எங்கள் ஆயாவின் நினைவு வந்தது. காசிமேட்டில் மீன் விற்பவர். ஊருக்கு அப்பால் அடுக்குமாடியில் மாற்று வீடு கிடைத்தது. குழாயில் தண்ணீர், தலைக்கு மேல் மின்விசிறி. குறையொன்றும் சொல்ல முடியாது. ஆறே மாதத்தில் ஆயா பாதியாய் இளைத்துவிட்டார். இப்போது விடியுமுன் முதல் பேருந்தில் காசிமேடு வந்து, கூடையை இறக்கி, நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டு மாலையில் திரும்புகிறார். சோறு இறங்குகிறது.

ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை டிரிப்சின் ஊற்றிக் குடுவையிலிருந்து பெயர்ப்பார்கள். மிதக்கையில் அவை உருண்டு திரளும். காலந்தாழ்த்தாமல் புதுக் குடுவையில் விட்டால், சில மணி நேரத்தில் தட்டையாய்ப் படிந்து பிழைத்துக்கொள்ளும். ஆயாவிடம் இதை விளக்கினேன். மீன் அரிந்தபடியே கேட்டுவிட்டு, “அந்த நாலாவது மாடியில புடிச்சிக்க இன்னா இருக்குது?” என்றார்.