அரக்கின் இடத்தில் வந்த பிசின்

இந்தியாவின் அரக்கு ஒரு காலத்தில் பெரும்பாலும் கொல்கத்தா துறைமுகம் வழியாகவே உலகை அடைந்தது. மின்கருவிகளின் காப்புப் பூச்சுக்காக அதன் தேவை பெருகியபோது, மாற்றுத் தேடிய லியோ பேக்லண்ட் 1907இல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் வினைப்படுத்திப் பேக்லைட்டை உருவாக்கினார். பாரதக் கதையில் அரக்கு மாளிகை தீக்கிரையாவதற்கென்றே கட்டப்பட்டது. அரக்கின் இடத்தைப் பிடித்த பீனாலிக் பிசினோ தீயைத் தாங்கும் பொருளாயிற்று.

அது கருகியே காக்கிறது. கடும் வெப்பத்தில் மேற்பரப்பு கரியாகிறது. அக்கரி அடுக்கு உள்ளே வெப்பம் பரவுவதைக் குறைக்கிறது. 2007 ஜனவரியில் விண்ணிலிருந்து வங்கக் கடலில் இறங்கிய இஸ்ரோவின் மீட்புக் கலத்தின் முகப்பைக் காத்தது, கார்பன் இழையும் இப்பிசினும் சேர்ந்த கவசமே.

குறைகளும் உண்டு. இறுகும்போது பிசின் நீரை வெளிவிடுகிறது. சிக்கிய நீராவி நுண்துளைகளாகிக் கலப்புப்பொருளின் வலுவைக் குறைக்கிறது. இறுகிய பிசின் எளிதில் நொறுங்கும். ஆகவே வேதியியலர் மூலக்கூற்றின் அமைப்பையே மாற்றுகின்றனர். மாலிமைடு, புரோபார்ஜில் போன்ற தொகுதிகளின் வழியே இறுகும்போது நீர் வெளியேறுவதில்லை. ஆனால் உயர்ந்த வெப்பநிலை வேண்டும். போரானைப் பிணைத்தால் எஞ்சும் கரி மிகுகிறது. எரிந்தபின் எஞ்சுவது எவ்வளவு என்பதே இத்துறையில் ஒரு பிசினை மதிப்பிடும் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று.