மலையைப் பார்த்தால் எனக்குப் பாட்டு வராது

மெல்லிசைப் பாட்டு எழுதுகிறவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. ஆனால் உள்ளதைச் சொன்னால், மலையைப் பார்த்தால் எனக்குப் பாட்டு வராது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனிமூட்டம் என்றால் காயாத கம்பளி, அட்டைக்கடி, காலைப் பிரட்டுக்குப் பிந்திப்போய் அம்மாவுக்கு விழுந்த அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கொழும்பு நண்பர்கள் ரிவஸ்டனில் வேனை நிறுத்திக் கைகளை விரித்துக்கொண்டு, “இங்கே பிறந்த நீ எழுதாமல் வேறு யாரப்பா எழுதுவது?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கூசும். கவிஞனுக்கு இருக்க வேண்டிய ஏதோ ஒரு நரம்பு என்னிடம் இல்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்தக் கூச்சம் தீர்ந்தது மலைக்கு அந்தப் பக்கத்து லக்கலயில்.

இரத்தோட்டையிலிருந்து ஏறும் பாதை ரிவஸ்டன் கணவாயைத் தாண்டியதும் நாடே மாறிவிட்டதுபோல் இருக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றுக்கும் குறுக்கே கிடக்கிறது. எங்கள் பக்கத்தை நனைப்பது தென்மேல் காற்று. அந்தப் பக்கம் பெரும்பாலும் வடகீழ் மழையை நம்பியிருக்கிறது. ஈரக்காடு போய்ப் பிட்டவல பத்தனையின் புல்வெளி வரும். பிறகு இலுக்கும்புர, தெல்கமு ஓயா, அதற்கும் கீழே வயலும் சேனையும். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் காடும் ஒரு பகுதி. அதைப் பார்க்கத்தான் வேன்கள் வருகின்றன.

நான் போனது ஒரு சிங்களத் தாத்தாவை, ஒரு சீயாவைப் பார்க்க. சேனைக் காவலில் பாடும் ‘பெல் கவி’ தெரிந்தவர் என்று சொல்லியிருந்தார்கள். பயிர் முற்றும் காலத்தில் காட்டோரம் பரண் கட்டி, இரவு முழுவதும் யானையையும் பன்றியையும் விரட்டிக் காவல் இருந்தவர். “பாட்டில் இந்த மலைகளைப் பற்றி என்ன வரும் சீயா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “மல்லி, நாங்கள் பாடியது யானைக்கு. அதற்கடுத்து, அந்தப் பக்கத்துப் பரணில் இருக்கிறவனுக்கு. அவன் பதிலுக்குப் பாடினால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.” மலையும் எப்போதாவது பாட்டில் வருமாம், வீட்டுக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிற ஒன்றாக.

பிறகு பாடிக் காட்டினார். தாளம் கிடையாது, மேளம் கிடையாது. நாலடி, நாலுக்கும் கடைசியில் ஒரே ஒலி. ஒவ்வொரு அடியின் முடிவையும் மூச்சு தீரும்வரை இழுத்தார். நாம் எதுகையை அடியின் தொடக்கத்தில் வைக்கிறோம், சிங்களத்தின் நாலடிச் சிவ்பதம் இயைபை முடிவில் வைக்கிறது. அடியின் முன்பாதியைக் காற்று தின்றுவிட்டாலும் கடைசி நெடில் பள்ளத்தைத் தாண்டி அடுத்த பரணுக்குப் போய்ச் சேரும். இது என் சொந்த ஊகம். யாப்புப் புலவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அறுவடையில் பாடும் ‘கொயம் கவி’யை அதே மனிதர் பாடியபோது குரல் முற்றாக மாறிவிட்டது. அரிவாள் போகிற வேகத்துக்குச் சொற்கள் வெட்டுப்பட்டு விழுந்தன. நிலம் அந்தப் பாட்டின் மெட்டுக்குள் இருந்தது. சொற்களில் இருந்ததெல்லாம் தூக்கமும் பயமும் பெண்சாதியின் நினைப்பும்தான்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி., தோட்டம் தோட்டமாகச் சனங்கள் வாயில் கேட்டுச் சேர்த்தவை அவை. எங்கள் கிழவிகள் பாடியதிலும் கங்காணி இருக்கிறார், துரை இருக்கிறார், கூலிக் கணக்கு இருக்கிறது, கடல் தாண்டி விட்டுவந்த ஊர் இருக்கிறது. காட்சியை ரசிக்கிற வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் நரம்பில் குறை ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் நம்பினேன். பரம்பரையே அப்படி.

எங்களைத் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவின் புளூகிராஸ் இசையை மலைப்பாட்டு என்கிறோம். கேட்டால் பச்சைப் பள்ளத்தாக்கு கண்ணில் விரியும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதன் தந்தை எனப்படும் பில் மன்றோ 1911இல் கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த மாநிலத்தின் செல்லப்பெயரைத் தன் குழுவுக்கு வைத்தார், குழுவின் பெயர் இசைக்கே ஆகிவிட்டது. தாயும் தகப்பனும் போன பிறகு அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டவர் பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென். மன்றோ அந்த மாமனைப் பாட்டாக்கினார். அந்த இசையை உயிராகக் கேட்டவர்களில் பலர், மலையை விட்டுப் பிழைப்புக்காக டெட்ராய்ட், சின்சினாட்டி தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள். ஊரில் இருந்தபோது அவர்களும் மலையை அண்ணாந்து பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். நம்மவர்களும் அப்படியே. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டுக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன என் உறவுக்காரர்கள் மாத்தளை மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இங்கே ஒருவரும் பேசுவதில்லை.

கென்டக்கியில் கிரீன் ஆற்றங்கரையில் பாரடைஸ் என்றொரு ஊர் இருந்தது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் சுற்றுவட்டாரத்தைத் தோண்டியது, பக்கத்தில் அனல்மின் நிலையம் வந்தது, 1960களின் முடிவில் ஊரே இல்லை. ஜான் பிரைனின் பெற்றோருடைய வேர் அந்தப் பக்கத்தில். சிகாகோ அருகே வளர்ந்த அவர் 1971இல் தன் முதல் இசைத்தட்டில் அந்த ஊரைப் பாடினார், புளூகிராஸ் குழுக்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன. ஆற்றின் பெயர், மாவட்டத்தின் பெயர், தோண்டிய கம்பனியின் பெயர் எல்லாம் அதில் வருகின்றன. இழந்ததைப் பாட அடைமொழி அவசியமில்லை, பெயர் வேண்டும்.

லக்கலயிலும் ஓர் ஊர் போயிருக்கிறது. மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்தில் 2018இல் களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. பழைய பல்லேகம நகரமும் சுற்றியிருந்த வயல்களும் அடியில் போயின. சனங்களுக்குப் புதுநகரம் கட்டிக் கொடுத்தார்கள்: அகலமான வீதி, புதுப் பள்ளிக்கூடம், புதுக் கந்தோர்கள். வறண்ட சமவெளிக்குத் தண்ணீர் போகிறது, அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சீயா தன் பழைய சேனைக்கும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயர்களுக்கு உரிய இடம் எதையும் அவன் மிதித்ததில்லை.

அதற்குப் பிறகு நானும் ஒரு பாட்டு எழுதினேன். அம்மாவின் அரைப்பேர், ஈரக் கம்பளி, ஏலக்காய் காயும் வாடியின் சூட்டில் நாங்கள் ஒண்டிக்கொண்டது, அவள் கொழுந்தெடுத்த மலையின் நம்பர் எல்லாம் அதில் இருக்கின்றன. மெட்டுப்போட்ட தம்பி, “அண்ணே, ஒரு பனித்துளியாவது வையுங்களேன்” என்றார். வைக்கவில்லை. நான் எழுதியவற்றில் சனங்கள் திருப்பிப் பாடக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

இரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியைப் பாடச் சொல்லிப் போனில் பதிகிறீர்கள், சந்தோஷம். கூடவே எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நம்பர் மலையில், என்ன வேலை செய்துகொண்டு பாடியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் மலை தாண்டி லக்கலவுக்கும் ஒருநடை போய்வாருங்கள். பழைய பல்லேகமவின் வயல் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.