உள்ளே விட்ட துணி

தேக்கா சென்டர் இரண்டாம் தளத்தில் அம்மா பல வருஷம் ரவிக்கை தைத்தார். "நீ தையல் மெஷின் பக்கமே வரக்கூடாது" என்பார். நானும் படித்து இன்ஜினியர் ஆனேன்.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷமும் கறுப்பு டீஷர்ட்தான். தையல்காரர் மகள் என்று எதிலும் தெரிந்துவிடக்கூடாது. வேலைக்கு வந்தபின் சேஃப்டி பூட்ஸ், மஞ்சள் வெஸ்ட். எல்லாமே 'மீடியம்'. அது யாருடைய உடம்பின் அளவு என்று யோசித்ததில்லை.

27 வயதில், தோழி கல்யாணத்துக்காக அம்மாவின் பழைய ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். இறுக்கியது. பக்கத் தையலைப் பிரித்தால் உள்ளே ஒரு இஞ்ச் துணி, வெளுக்காத பழைய நிறத்தோடு. உடம்பு மாறும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். என் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாகப் புரட்டினேன். எல்லாம் ஓரத்தை ஒட்டி வெட்டி ஓவர்லாக் அடித்தவை. இறுகினால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறுகளில் தைக்கிறேன். ஆர்டர்கள் வருகின்றன. வேலையை விட்டுவிட்டு இதையே செய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் தைத்த ரவிக்கை ஒன்றைப் புரட்டித் தையலை விரலால் தடவினார்.

"உள்ளுக்கு ஒரு இஞ்சாவது விடு. அந்தப் பிள்ளை கொஞ்சம் சதை போட்டா என்ன செய்வே?"

வேலையைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. அடுத்த ரவிக்கையை ஒரு இஞ்ச் கூட்டி வெட்டினேன்.