சிறுத்தையைத் தேடுவோருக்கு

யாலவுக்கு மூன்று தடவை போயும் சிறுத்தையைக் காணவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துரத்தாதீர்கள், காத்திருங்கள்.

இலங்கைக் காடுகளில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. சிறுத்தையே இங்கு தலைமை வேட்டை விலங்கு. அஞ்சுவதற்கு வேறு விலங்கு இல்லாததால், அது பகலிலும் வண்டிப்பாதையில் நடந்து செல்லும். பாறை மீது படுத்திருக்கும். உலகில் சிறுத்தைகள் மிகச் செறிவாக வாழும் இடங்களுள் ஒன்றாக யாலவின் முதலாம் பிரிவு பெயர்பெற்றது. அந்தப் பெயரே அதற்குக் கேடாகவும் முடிந்தது. ஓரிடத்தில் சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி பரவினால் ஜீப் வண்டிகள் யாவும் அங்கே பாய்கின்றன. பின்னால் வருபவர்கள் காண்பது புழுதியையும் முன்வண்டியின் முதுகையும்தான்.

என் தெரிவு வில்பத்து. புத்தளத்துக்கு வடக்கே பரந்து கிடக்கும் இவ்வனம் நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. யுத்தத்தினால் 1988 இல் மூடப்பட்டு, 2003 இல் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2010 இல் திரும்பவும் திறக்கப்பட்டது. மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்களை இங்கே 'வில்லு' என்பார்கள். குருட்டுப்பாண்டி வில்லு போன்ற பெயர்களைக் கேட்கும்போது தமிழ்ச் செவிக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

மே முதல் செப்டெம்பர் வரையான வறட்சிக் காலமே உகந்தது. சிறு நீர்நிலைகள் வற்றியதும் மான்கள் எஞ்சிய நீரை நாடி வரும்; மான்களை நாடிச் சிறுத்தை வரும். காலை ஆறு மணிக்கு வாயில் திறந்தவுடன் உள்ளே செல்லுங்கள். வெயில் ஏறியபின் அது நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மாலை நான்கு மணிக்குப் பின்னரே மறுபடி வாய்ப்பு.

வில்லின் கரையில் வண்டியின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கண்ணைவிடக் காதுக்கே வேலை. புள்ளிமான் கூரிய குரலில் திரும்பத் திரும்பக் கத்தினால், மந்தி மர உச்சியிலிருந்து கீழே பார்த்து இருமுவதுபோல் ஒலித்தால், அவை எத்திசையை நோக்குகின்றன என்று கவனியுங்கள். சிறுத்தை அங்கேதான் இருக்கும். இந்த எச்சரிக்கைக் குரல்களை ஓடும் வண்டியின் இரைச்சலில் ஒருவராலும் கேட்க முடியாது.

ஒரு மணி நேரம் காத்தும் சிறுத்தை வராமல் போகலாம். அப்போதும் நீர் அருந்த வந்த மரையையும் மயிலையும் ஆற அமரப் பார்த்திருப்பீர்கள். துரத்தியவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.