பதிவேட்டில் கண்ட வியாதி

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காக்களூர்த் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு ஆட்கள் சென்றுகொண்டிருந்த வேளையில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் நம் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். முகமும் கைகளும் மெலிந்திருந்தன. வயிறோ நிறைமாதக்காரியினுடையதைப் போல் முன்தள்ளியிருந்தது. "இந்த வயசுல முழுகாம இருக்கேன்னு தெருவுல பேசிக்கிறாங்க, சாமி. பூசைக்கு வரவே கூச்சமா இருக்கு" என்று முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த ஸ்கேன் அறிக்கையில் இரு சிறுநீரகங்களிலும் எண்ணிறந்த நீர்க்கட்டிகள் என்றும், கல்லீரலும் அவ்வாறே கட்டிகளால் நிறைந்து பெருத்திருப்பதாகவும் எழுதியிருந்தது.

இக்குடும்பம் நமக்குப் புதிதன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூத்த மகளுக்கு மணம் பேசியபோது, இதே தாய் நம்மிடம் வந்து, தம் அண்ணனுக்கு டயாலிசிஸ் நடப்பதையும், தமக்கும் அதே கட்டிகள் இருப்பதாக டாக்டர் கூறியதையும் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டார். "வந்தபோது பார்த்துக்கொள்ளலாம், நல்ல காரியம் நடக்கும் வேளையில் இது எதற்கு?" என்று சொல்லி அனுப்பினோம். அந்த வார்த்தையை நினைத்தே இதனை எழுதுகிறோம்.

ஈரல் கெட்டது என்றாலே சாராயம் என்பது ஊர் வழக்கு. இத்தாயோ அதன் வாசனையும் அறியாதவர். வேறு சிலர் தொழிற்சாலைப் புகையையும் நிலத்தடி நீரையும் குற்றம் சொன்னார்கள். புகையைப் பற்றி நம் மக்களுக்கு நியாயமான குறைகள் உண்டுதான். ஆயினும் இந்த வியாதியை அதன் தலையில் கட்ட இயலாது. இது வழிவழியாக வருவது. பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரையின் விதிகளைக் கண்டு 1866-இல் வெளியிட்ட அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டலைக் குருமடத்தில் நாம் ஒரு பெருமைக்காகவே படித்தோம். (அவரும் 1884-இல் சிறுநீரக நோயால்தான் இறந்தார், அது வேறு வகை நோய்.) அவர் கண்ட விதிப்படி, பெற்றோரில் ஒருவருக்கு இவ்வியாதி இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஆண், பெண் இருவரும் துன்புறுகிறார்கள். ஈரலில்தான் வேற்றுமை. அண்ணனுக்கு ஈரலில் சில சிறு கட்டிகளே. தங்கைக்கு வயிறு கொள்ளவில்லை. ஏன் என்று சிறுநீரக வைத்தியரிடம் கேட்டோம். முதற்காரணம் வயது என்றார். இந்நோயாளரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில், இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரில் 100-க்கு 58 பேருக்கும், முப்பத்தைந்தைத் தாண்டியவர்களில் 94 பேருக்கும் ஈரலில் கட்டிகள் காணப்பட்டனவாம். சிறுநீரகம் மிகப் பெருத்தவர்களிடம் இவை அதிகம். ஆனால் கட்டிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் மிகுந்து ஈரலே பெருத்துவிடுவது பெரும்பாலும் பெண்களுக்கே. பல முறை கருவுற்றவர்களுக்கு அபாயம் கூடுதல். பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஓராண்டு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த சிறியதோர் ஆய்வு 1997-இல் வெளிவந்தது. அதில் ஈரல் பெருத்தது, சிறுநீரகம் அவ்வாறு பெருக்கவில்லை.

இதைக் கேட்டதும் அத்தாய், "அப்படின்னா நாலு புள்ள பெத்ததுதான் தப்பா, டாக்டர்?" என்றார். வைத்தியர் பதறிப்போனார். இவ்வியாதியுள்ள பெண்கள் பலர், இரத்த அழுத்தம் சீராக இருந்தால், நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள் என்றும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் கவனித்துக்கொள்ளலாம் என்பதே தாம் சொல்ல வந்தது என்றும் விளக்கினார். பின்னர்த்தான், "உங்கள் பெண் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா?" என்று கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாதவிலக்கைச் சீராக்கவென்று வேறோரிடத்தில் கொடுத்த ஹார்மோன் மாத்திரை, இரண்டு ஆண்டுகளாக. கருத்தடை பற்றித் திருச்சபை போதிப்பது தனிப் பேச்சு. இங்கே மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜனைத்தான் சொல்கிறோம். குடும்பத்தில் யாருக்கேனும் வியாதி உண்டா என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். கணவன் அருகிலிருக்க, "ஒன்றுமில்லை" என்று அப்பெண் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சினைப்பையிலும் நீர்க்கட்டி இருந்தபடியால், அம்மாவுக்கு இருப்பதும் அதே நீர்க்கட்டிதான் என்று அக்கம்பக்கத்தார் நம்பிவிட்டார்கள். சொல் ஒன்று, வியாதி வேறு.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகங்களில் கட்டிகள் உண்டு. ஈரலில் சிறியனவாகச் சில. மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஈரல் இத்தனை பெருத்தாலும் தன் வேலையைப் பெரும்பாலும் தவறாமல் செய்கிறது என்பது தாய்க்கு ஓர் ஆறுதல். நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிடுவது, மூச்சு வாங்குவது, வலி ஆகியவையே அவருடைய துன்பம். காய்ச்சலோடு வலப்புற விலாவின் கீழ் வலித்தால் உடனே வரவேண்டும், வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய கட்டியின் நீரை ஊசியால் இறக்கவும், தேவையானால் அறுவை செய்யவும் வழியுண்டு.

இடையில், அவர்களுடைய பூர்வீகப் பங்கின் மரணப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி அங்குள்ள சுவாமிக்கு எழுதியிருந்தோம். தாயைப் பெற்றவள் ஒன்பது பிள்ளைகளின் தாய். ஐம்பத்தைந்தாம் வயதில் இறந்திருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் முன்னாள் குருவானவர் ஒருவர் "வயிற்று வீக்கம்" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டிற்குச் சென்றோம். மறைக்கச் சொன்னது நாமே என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதை விளக்கினோம். மாப்பிள்ளை தலைகுனிந்திருந்தார். சம்பந்தியம்மாள் மடியிலிருந்த இரண்டு வயதுப் பேத்தியை இறுக அணைத்துக்கொண்டு, "இதுக்கும் வருமா, சாமி?" என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்றும், இவ்வளவு சிறு வயதில் ஸ்கேன் வேண்டாம், இரத்த அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்த்து வந்தால் போதும் என்று வைத்தியர் கூறியதையும் சொன்னோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, "அடுத்து எப்ப வரச் சொன்னாங்க? நானும் வர்றேன்" என்றார். நம் பக்கம் திரும்பவில்லை.